முள்சீத்தாவுக்கு ஒரு தூரிகை

முள்சீத்தா நட்டவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "பூ நிறைய வைக்குது, காய்தான் பிடிக்க மாட்டேங்குது." உரம் வைத்துப் பார்த்து, சலித்துப்போய் மரத்தையே வெட்டிவிடுபவர்களும் உண்டு. மரத்தின் மேல் பிழையில்லை. அதன் பூவில் பெண் பாகம் முதலில் பக்குவமாகிறது. மகரந்தம் பிறகுதான் உதிர்கிறது. தடித்த இதழ்களுக்குள் புகுந்து மகரந்தம் சுமப்பவை சின்னஞ்சிறு வண்டுகள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மரத்துக்கு நம் வீட்டுத் தோட்டத்தில் அந்தத் துணை போதுவதில்லை.

ஆகவே வண்டின் வேலையை நாம் செய்ய வேண்டும். விடிகாலையில் நன்றாக விரிந்த பூவின் மகரந்தத்தைக் காகிதத்தில் தட்டி எடுத்து, அப்போதுதான் இதழ் விலகும் வேறொரு பூவுக்குள் மெல்லிய தூரிகையால் தடவுங்கள். அடிமரத்திலும் பருத்த கிளையிலும் உள்ள பூக்களே நல்லது. பழம் இரண்டு மூன்று கிலோகூட வரும், நுனிக்கிளை தாங்காது.

மற்றபடி பெரிய பாடில்லை. ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும். வேர் ஆழம் போகாததால் கோடையில் மூடாக்கு அவசியம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். முள்ளுக்கு முள் இடைவெளி விரிந்து, பச்சையில் மஞ்சள் தட்டியதும் பறித்துவிடுங்கள். சில நாளில் வீட்டிலேயே கனியும்.

விதைதான் கவனிக்க வேண்டியது. அது நஞ்சு. சீத்தா விதைப்பொடியைப் பேனுக்குத் தேய்க்கும் பழைய வழக்கத்தில், கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணானவர்கள் உண்டு. முள்சீத்தாவும் அதே குடும்பம். இலையைப் புற்றுநோய்க்கு மருந்தென்று விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. மனிதர்களிடம் அது நிரூபணமாகவில்லை. கரீபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் மிகுந்திருப்பதை 1999இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. ஆனாலும் தினமும் கஷாயம் குடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எப்போதாவது பழம் சாப்பிடுவது வேறு.

ஜூஸ் போடுகிறவர்கள் மிக்ஸியில் சுளையைப் போடும் முன் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். கழுவி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, ஈரம் காய்வதற்குள் மண்ணில் ஊன்றினால் ஒரு மாதத்தில் முளை தெரியும்.