மினியின் முன் பிரேக்: இறக்கத்துக்கு முன் ஓர் அளவு

கண்டியிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஓர் இறக்கம் உண்டு. கொழும்புக்குப் போனால் கடுகண்ணாவ. மகியங்கனைக்குப் போனால் பதினெட்டு வளைவு. நுவரெலியாவுக்குப் போனால் திரும்பி வரும்போது றம்பொடை வழியாகக் கம்பளை வரைக்கும் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போகாதவருக்கும் ஹந்தானை வீதி இருக்கிறது. இந்த வீதிகளில் பழைய மினி கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் முன் சக்கரத்துக்குள் எந்த பிரேக் இருக்கிறது என்பது காரின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியாது. சக்கரத்தைக் கழற்றி அளந்தால்தான் தெரியும்.

புத்தகத்தில் என்ஜின் இலக்கம் இருக்கும், செஸி இலக்கம் இருக்கும், உற்பத்தி ஆண்டு இருக்கும். பிரேக் பற்றி ஒரு சொல்லும் இராது. 1970களில் இறக்குமதி இறுகிக் கிடந்த காலத்திலும், பிறகு 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்திலும், இருக்கிற காரை எப்படியாவது ஓட வைப்பதே இந்த நாட்டின் வழக்கமாக இருந்தது. ஒரு காரின் முன் பாதி இன்னொரு காரிலிருந்து வந்திருக்கும். பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடையில் கிடைத்த கலிப்பரை, அதாவது பிரேக் பேட்டை அழுத்தும் பாகத்தை, கண்டியில் ஒரு மெக்கானிக் பாஸ் பொருத்தியிருப்பார். அந்தத் திறமைதான் இந்தக் கார்களை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் 1968ஆம் ஆண்டு மினி என்று சொல்லி பிரேக் பேட் வாங்கினால் அது பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

மினியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதற்கு முன் 1948இல் மொரிஸ் மைனரை உருவாக்கியவரும் அவரே. 1959இல் மினி வெளிவந்தபோது முன்னும் பின்னும் 7 அங்குல டிரம் பிரேக்தான். 1961இல் ஜோன் கூப்பரின் பெயரோடு வேகமான மினி வந்தது. அதன் முன் சக்கரங்களுக்கு 7 அங்குல டிஸ்க் கொடுத்தார்கள். 10 அங்குலச் சக்கரத்துக்குள் டிஸ்க்கும் கலிப்பரும் அடங்க வேண்டியிருந்ததால் எல்லாமே சிறிது, பிடிப்பும் போதவில்லை. 1963இல் வந்த கூப்பர் எஸ் அதைத் திருத்தி 7.5 அங்குலத் தடித்த டிஸ்க்கோடு வந்தது. 1974இல் 1275ஜிடி மாதிரிக்கு 12 அங்குலச் சக்கரம் கொடுத்தபோது டிஸ்க் 8.4 அங்குலமாகப் பெருத்தது. சாதாரண மினிகளோ 1984 வரை முன் சக்கரத்தில் டிரம்மோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. ஆகவே 1960களிலும் 70களிலும் வந்த ஒரு சாதாரண மினியில் இன்று டிஸ்க் இருந்தால், யாரோ பிறகு மாற்றிப் பொருத்தியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் மாற்றுகிறார்கள்? மலைதான் காரணம். பிரேக் செய்யும் வேலை ஒன்றே: காரின் இயக்கத்தை வெப்பமாக்கிக் காற்றில் விடுவது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். ஆட்களோடும் சாமான்களோடும் 900 கிலோ நிறையுள்ள மினி ஒன்று அந்த 1,370 மீற்றர் உயரத்தை இழந்து வரும்போது சுமார் 12 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 20 பாகை வெப்பத்தில் இருக்கும் 36 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த ஆற்றல் போதும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் ஒரு பங்கைத் தாங்கும். கியரைக் குறைத்து ஓட்டினால் என்ஜினும் பெரும் பங்கைத் தாங்கும். மிச்சமெல்லாம் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கு. இறக்கத்தில் காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால் அதிலும் பெரும்பகுதி முன் இரண்டுக்கு.

டிரம் பிரேக்கில் ஒரு வார்ப்பிரும்புக் கூடு சுழல்கிறது. அதன் உட்சுவரை இரண்டு லைனர்கள் வெளிநோக்கி அழுத்துகின்றன. சூடேறினால் இரும்பு விரியும். விரியும்போது டிரம்மின் உட்சுவர் லைனரிலிருந்து விலகிப் போகிறது. கால் இன்னும் ஆழமாக மிதிக்கிறது, பிடிப்போ குறைகிறது. வெப்பம் வெளியேற வழியும் இல்லை, ஏனென்றால் உராய்வு நடப்பது மூடிய கூட்டுக்குள். டிஸ்க் பிரேக்கில் ஒரு தட்டு வெளிப்படையாகச் சுழல்கிறது. சைக்கிள் ரிம்மை இரு பக்கமும் பிரேக் கட்டைகள் பிடிப்பதுபோல அதை இரண்டு பேட்கள் பிடிக்கின்றன. தட்டு சூடாகித் தடிக்கும்போது பேட்டை நோக்கியே வளர்கிறது. காற்று நேராகப் படுகிறது. மழைத் தண்ணீரும் சுழற்சியில் தெறித்துப் போய்விடும்; கண்டி மழையில் இது சிறிய நன்மை அல்ல.

டிஸ்க் பிரேக் என்ற எண்ணம் பழையது. பிரிட்டனில் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லொப் டிஸ்க் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகே கார் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து எட்டே வருடங்களில் மினி போன்ற குட்டிக் காருக்கு டிஸ்க் வந்துவிட்டது என்பது உண்மையில் வியப்புக்குரியது.

இனி அடையாளம் காணும் வேலை. முதலில் சக்கரத்தின் விட்டத்தைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும். 10 அங்குலம் என்றால் உள்ளே 8.4 அங்குல டிஸ்க் இருக்க வழியில்லை, அது அடங்காது. 7 அல்லது 7.5 அல்லது டிரம். 12 அல்லது 13 அங்குலம் என்றால் எதுவும் இருக்கலாம், ஏனென்றால் அழகுக்காகச் சக்கரத்தை மட்டும் மாற்றியவர்கள் பலர். சக்கரத்தைக் கழற்றிய பிறகு டிஸ்க்கின் விட்டத்தை விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும். 178 மில்லிமீற்றர் என்றால் முதல் கூப்பரின் 7 அங்குலம். 190 என்றால் கூப்பர் எஸ் வகை. 213 என்றால் 8.4 அங்குலம். இந்த மூன்றையும் விட்டு வேறோர் எண் வந்தால் வேறு காரின் டிஸ்க்கை லேத்தில் கடைந்து பொருத்தியிருக்கக்கூடும். அங்கேயே நிறுத்திவிட்டு முழுத் தொகுதியையும் மாற்றுவதுதான் என் கருத்து. பழைய காரின் கதவுப் பிணைச்சலையும் என்ஜின் தாங்கியையும் லேத்தில் செய்யலாம், தவறில்லை. எந்த இரும்பு என்று தெரியாத ஒரு துண்டில் செய்த கலிப்பர் தாங்கியோடு பதினெட்டு வளைவில் இறங்கக் கூடாது.

விட்டம் தெரிந்ததும் கலிப்பரைப் பாருங்கள். மினியின் சொந்தக் கலிப்பரில் டிஸ்க்கின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன் இருக்கும். கலிப்பர் நகராது, பிஸ்டன்கள் மட்டும் நகரும். நான்கு பிஸ்டன் இருந்தால் அது பெரும்பாலும் 1980இல் வந்த ஒஸ்டின் மெட்ரோவின் கலிப்பர். மெட்ரோவின் பாகங்கள் மினிக்குப் பொருந்துவதால் இங்கே அந்த மாற்றம் பரவலானது, நல்ல மாற்றமும்கூட. ஆனால் பேட் வாங்கும்போது மெட்ரோ பேட் என்று கேட்க வேண்டும். பழைய பேட்டைக் கையில் கொண்டுபோய்க் கடையில் வைத்துப் பார்ப்பதே எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

இதையெல்லாம்விட மறைவான ஆபத்து புரியில் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கார்களின் பிரேக் குழாய் நட்டுகள் அங்குலக் கணக்கு: விட்டம் அங்குலத்தில் எட்டில் மூன்று, அதாவது 9.5 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 24 புரி. ஜப்பானியக் கார்களிலும் பிந்திய மினி, மெட்ரோ கலிப்பர்களிலும் 10 மில்லிமீற்றர் விட்டம், ஒரு மில்லிமீற்றர் புரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அங்குல நட்டை மெட்ரிக் துளைக்குள் திருகினால் தளர்வாக ஏறும், இறுக்கும்போது இறுகியதுபோலவும் தோன்றும். அவசரமாக ஓங்கி மிதிக்கும் நாளில் புரி பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் கலிப்பரை மாற்றும்போது புரி அளவியால் பார்த்து, தேவைப்பட்டால் குழாயையும் ஹோஸையும் சேர்த்து மாற்ற வேண்டும். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

கழற்றும் வேலைக்கு உறுதியான சமதரை வேண்டும்; கண்டி வீடுகளில் அதுவே அரிது. சாய்வான முற்றத்தில் ஜாக் போடாதீர்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரை இரும்புத் தாங்கியில் நிறுத்த வேண்டும், செங்கல்லில் அல்ல. டிஸ்க்கையும் மாற்றுவதானால், சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டின் பிளவூசியை எடுத்துவிட்டு, கார் தரையில் நிற்கும்போதே அந்த நட்டைத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு அது அசையாது.

பேட் மட்டும் மாற்றுவது எளிது. அதைப் பிடித்திருக்கும் ஊசிகளையும் கம்பியையும் எடுத்தால் பேட் வெளியே வந்துவிடும். உராய்பொருள் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது மாஸ்டர் பம்பின் தொட்டியில் ஒயில் ஏறும். நிரம்பி வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும். தள்ளும்போது ஒரு பிஸ்டன் அசைய மறுத்தால் அது துருப்பிடித்திருக்கிறது. மழைக்காலம் நீண்ட, ஈரம் குறையாத நம் ஊரில், ஓடாமல் நிற்கும் கார்களுக்கு வரும் பொதுவான நோய் இது. அப்படியான பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடக் கூடாது. பிஸ்டனும் சீலும் புதிதாக வேண்டும். பழைய பேட்களில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதை எந்தக் கராஜில் பார்த்தாலும் தடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

டிஸ்க்கை மாற்றுவதற்குக் கலிப்பரின் இரண்டு போல்ட்டையும் எடுத்து, கலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. மினியின் டிஸ்க் ஹப்புக்கு உட்புறமாக, சக்கரம் பூட்டும் பிளேஞ்சோடு நான்கு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். நடு நட்டையும் அதன் அடியில் இருக்கும் பிளவுபட்ட கூம்பு வளையத்தையும் எடுத்தால் பிளேஞ்சும் டிஸ்க்கும் சேர்ந்து வரும். அந்த வளையம் சிறியது, எளிதில் தொலைவது. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பிளேஞ்ச் தண்டில் மெல்ல ஆடத் தொடங்கும். புதிய டிஸ்க்கில் துருத் தடுப்பு எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைக் கழுவாமல் பூட்டினால் புதிய பேட் முதல் நாளே கெடும். பூட்டிய பின் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். டிஸ்க் ஆடினால் அதைப் பிளேஞ்சில் ஒரு துளை தள்ளிப் பூட்டினாலே பல வேளை சரியாகிவிடும். நடு நட்டை அளவுமானிச் சாவியால், உங்கள் மாதிரிக்குக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிப் புதிய பிளவூசி போட வேண்டும். இடது பக்கம் மாற்றினால் வலதும் மாற்ற வேண்டும், இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் ஒயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல. கிளைகோல் சார்ந்த அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155 பாகையாகவே இருக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அழுங்கும், திரவம் அழுங்காது. மிதி தரை வரை போகும், பிடிப்பு வராது. நீண்ட இறக்கத்தின் கடைசி வளைவுகளில் நேர்வது இதுதான். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுவதும் மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய போத்தலில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள். என்ஜின் ஒயில் ஒரு துளியும் அதில் கலக்கக் கூடாது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் சீல்களின் இறப்பர் ஊதிப் பெருத்து உருக்குலையும். மாஸ்டர் பம்பிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லாச் சீலும் போய்விடும்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறிய காரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின் சக்கரங்களில் டிரம்தான் தொடர்கிறது. முன்னால் டிஸ்க் வந்த பிறகு பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் மாஸ்டர் பம்பும் அதற்கேற்றவையாக இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நனைந்த வீதியில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு காரின் வால் சுற்றிவிடும். கலிப்பருக்குச் செலவழித்தவர்கள் மறந்துவிடும் சிறிய பித்தளைத் துண்டு அந்த வால்வு. மினி ஒன்றை வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

வேலை முடிந்து, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது எயார் எடுத்து முடித்ததும், மிதி கல்லாக நிற்கிறதா என்று பாருங்கள். காரை நகர்த்துவதற்கு முன் பலமுறை மிதித்துப் பேட்டை டிஸ்க்கோடு சேர்க்க வேண்டும். முதல் மிதி எப்போதும் வெறுமையாகப் போகும். பிறகு கேட்டம்பே பக்கம் போல வாகனம் குறைந்த நேரத்தில் ஒரு சமவீதியைத் தேர்ந்து, மிதமான வேகத்திலிருந்து மெல்லப் பிடித்து விட்டு, ஆற விட்டு, மறுபடி பிடித்து, புதிய பேட்டை டிஸ்க்கின் முகத்தோடு பழக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீற்றருக்கு ஓங்கி மிதிக்க வேண்டாம், கடுகண்ணாவப் பக்கமும் போக வேண்டாம். அதன் பின் சக்கரங்களை மறுபடி கழற்றி, கலிப்பர் போல்ட்டுகளையும் குழாய் மூட்டுகளில் ஈரம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். டிஸ்க்கின் விட்டம், பேட்டின் வகை, கலிப்பரின் புரி ஆகிய மூன்றையும் எழுதிக் காரின் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.