சிறுவாட்டுக் கணக்கு

காஸ், காய்கறித் தோல், பழைய புடவை, ஒரு பிடி அரிசி. இந்தியச் சமையலறைகளில் மாதந்தோறும் மிச்சமாகும் தொகை யாருடையது என்ற கேள்வி வருமான வரித் தீர்ப்பாயம் வரை போய் வந்துவிட்டது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது, நாட்டில் புழங்கிய பணத்தில் மதிப்பின்படி 86 சதவீதம் அந்த இரண்டு வகை நோட்டுகளாகவே இருந்தது. கறுப்புப் பணம் எவ்வளவு பிடிபட்டது என்பது பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வேறொரு பணம் சந்தேகத்துக்கு இடமின்றி வெளியே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் கோதுமை டிரம்மின் அடியிலிருந்து, மகாராஷ்டிரத்தில் பருப்பு டப்பாவிலிருந்து, வங்காளத்தில் லட்சுமி படத்தின் முன் இருக்கும் மண் உண்டியலிலிருந்து, தமிழர் வீடுகளில் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் மடித்து வைத்த பட்டுப் புடவையின் உள்மடிப்பிலிருந்தும். கணவனுக்குத் தெரியாமல் பல வருடங்களாகச் சேர்த்த பணத்தை, மாற்றித் தரும்படி அதே கணவனிடம் நீட்ட வேண்டிய நிலை. ரகசியம் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான்.

தமிழில் இந்தப் பணத்துக்கு ஒரு பெயர் உண்டு: சிறுவாடு. வீட்டுச் செலவுக்கென்று கொடுத்ததில் பெண் மிச்சம் பிடித்துத் தனக்கென்று வைத்துக்கொள்வது. சொல்லிலேயே அது அவளுடையது என்ற ஒப்புதல் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது.

வீட்டுப் பெண்கள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் செலுத்தினால் கேள்வி கேட்கப்படாது என்று அரசு அப்போது உறுதியளித்தது. குவாலியரைச் சேர்ந்த ஓர் இல்லத்தரசி அந்த நாட்களில் தன் கணக்கில் செலுத்தியது ரூ. 2,11,500. கணவரும் மகனும் உறவினர்களும் அவ்வப்போது கொடுத்ததிலிருந்து சேமித்தது என்பது அவர் தந்த விளக்கம். அதிகாரி ஏற்கவில்லை. கணக்கில் வராத பணம் என்று அதை வருமானத்தோடு சேர்த்தார். மேல்முறையீடு ஒரு படியில் தோற்று, அடுத்த படியில், ஆக்ராவில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 2021 ஜூனில் ஜெயித்தது. இல்லத்தரசிகள் குடும்ப வரவு செலவிலிருந்து சேமிப்பது காலங்காலமாக உள்ள வழக்கம், செல்லாத நோட்டுக் காலத்தில் இரண்டரை லட்சத்துக்குள் செலுத்தப்பட்ட இத்தகைய பணத்தை வருமானமாகக் கருத முடியாது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது.

அதிகாரியின் சந்தேகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம் இல்லாதவரிடம் இரண்டு லட்சம் எப்படி வந்தது என்பது நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும், சமையலறைக்குள் போய்ப் பார்க்காதவரை.

அடுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். டில்லியில் 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டரின் விலை 2023 மார்ச்சில் ரூ. 1,103. அதாவது கிலோ கிட்டத்தட்ட 78 ரூபாய். (அதே ஆண்டு ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது.) ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். ஆனால் கொதித்த பிறகு அதே தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். மூடாத பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் பருப்பு, அடங்கிய கொதியில் இருக்கும் பருப்பைவிட ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகாது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. கூடுதல் காஸ் அத்தனையும் ஆவியாக ஜன்னல் வழியே போகிறது. தர நிர்ணயப்படி அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரை வீணாக ஆவியாக்க 70 கிராமுக்கு மேல் காஸ் செலவாகிறது. 2023 மார்ச் விலையில் ஐந்து ரூபாய்க்கு மேல்.

கொதி வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்து மூடி போடும் பெண்ணுக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொண்டைக்கடலையையும் ராஜ்மாவையும் முதல் நாள் இரவே ஊறப்போடுவதும், ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே நேரத்தில் வேகவைப்பதும் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்வதல்ல. குக்கருக்குள் அழுத்தத்தால் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் நேரம் பாதிக்கும் கீழே வருகிறது. ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த பாலை உடனே அடுப்பில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் வெளியே வைப்பதும் இதே ரகம். முப்பது நாளில் தீரும் சிலிண்டரை முப்பத்தாறு நாள் ஓட்டினால் வருடத்துக்கு இரண்டு சிலிண்டர் மிச்சம். மிச்சத்துக்கு ரசீது கிடையாது. காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுற்றிப் போட்ட வட்டம் ஒன்றுதான் ஆவணம்.

அடுப்பே வேண்டாத சிக்கனமும் உண்டு. இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடுவதைத் தமிழர்கள் பழையது என்கிறார்கள். ஒரியர்களுக்கு அது பகாளம், வங்காளிகளுக்குப் பாந்தா, அஸ்ஸாமியருக்குப் பொய்த்தா. மீந்த சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டுத் தாளித்து மராட்டியர் காலைச் சிற்றுண்டியாக்குகிறார்கள். குஜராத்திகள் அதையே மோர் விட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். வங்காளத்தில் சுரைக்காயின் தோல் குப்பைக்குப் போவதில்லை. மெல்லியதாக நறுக்கிக் கசகசா சேர்த்து வறுத்தால் அது தனிக் கறி. நம் பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு அக்கா முறை. எல்லாரையும் மிஞ்சுகிறவர்கள் அஸ்ஸாமியர்கள். வாழைப்பழத் தோலை உலர்த்தி எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து எடுக்கும் காரநீருக்குக் கார் என்று பெயர். சமையல் சோடா வாங்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. அதைச் சேர்த்துச் சமைத்த பதார்த்தத்துக்கும் கார் என்றே பெயர். விருந்தில் முதலில் பரிமாறப்படுவதும் அதுதான்.

துணிக்கும் இதே விதி. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தால் வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி. இன்று கண்காட்சிகளில் ஆயிரக்கணக்கில் விலை போகும் இந்த வேலைப்பாடு, மருமகளின் பிரசவத்துக்குக் காசு செலவில்லாமல் ஒரு மெத்தை வேண்டும் என்ற அவசியத்தில் பிறந்தது. தைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பாத்திரக்காரி இருக்கிறார். குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகப் பெண்கள் எவர்சில்வர் கூடையைத் தலையில் சுமந்து வட இந்திய நகரங்களின் வீட்டு வாசல்களில் பேரம் பேசுகிறார்கள். ஒரு டப்பாவுக்கு எத்தனை பேன்ட், எத்தனை புடவை என்ற வாக்குவாதம் அரை மணி நேரம் நடக்கும். அந்தத் துணிகள் மேற்கு டில்லியின் ரகுவீர் நகரில் விடியுமுன் கூடும் சந்தையில் கைமாறி, தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, ஏழைகளின் உடலுக்குப் போகின்றன. இரண்டு பெண்களின் சாமர்த்தியம் மோதும் அந்த வாசற்படி வியாபாரத்தில் ரூபாய் நோட்டே தலைகாட்டுவதில்லை.

எல்லாச் சிக்கனமும் சிக்கனமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பூரி பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது அப்படிப்பட்டது. காயக்காய அதில் கேடு விளைவிக்கும் சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி செய்திருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்து, நுரைத்து, புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். காஸ் ரப்பர் குழாயும் அப்படியே. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரமல்ல.

இவற்றைவிட ஆபத்தான மிச்சம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண், சட்டியில் இருப்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். பால் பிள்ளைகளுக்கு, முட்டை சம்பாதிக்கிறவருக்கு. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. ஆனால் குடும்பத்துக்காக மிச்சம் பிடிக்கும் கை முதலில் நீளுவது தன் தட்டை நோக்கித்தான் என்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். இந்தச் சேமிப்பைப் புகழ்வது பாவம்.

மற்ற சேமிப்புகள் எண்ணப்படும்போது என்ன ஆகின்றன என்பதற்கு வடகிழக்கு மூலையில் ஓர் உதாரணம் இருக்கிறது. மிசோரத்தின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கிறார்கள். புஹ்ஃபாய் தாம் என்று பெயர். நம் ஊரின் பிடியரிசிதான். திரட்டிய அரிசியைச் சபை விற்றுக் கணக்கில் எழுதுகிறது. இன்று அது வருடத்துக்குப் பல கோடி ரூபாய். ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. எழுதப்பட்டதால் அந்தப் பிடி கோடியாகத் தெரிகிறது.

தங்கள் பெயரிலேயே எழுதிக்கொண்ட பெண்களும் உண்டு. அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா சங்கத்தில் ஆரம்ப காலத்தில் சேர்ந்தவர்களில் பழந்துணி வியாபாரம் செய்யும் பெண்கள் இருந்தார்கள். வங்கிகள் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பின. 1974-ல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படம் அடையாளமாயிற்று. புடவை மடிப்பில் இருந்த காசு பாஸ்புத்தகத்தில் ஏறியது. குடித்துவிட்டு வரும் கணவனுக்கு அது எட்டாத இடம் என்பது வட்டியைவிடப் பெரிய லாபம்.

சாதாரண நடுத்தர வீடுகளுக்கு அப்படி ஒரு வங்கி வாய்க்கவில்லை. சீட்டு, கமிட்டி, பீசி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஏற்பாடுகளில்தான் அவர்களுடைய பணம் சுற்றுகிறது. சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடினால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. பணம் இருந்ததே வீட்டுக்குத் தெரியாது.

நீதிமன்றங்கள் தாமதமாகத்தான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. டில்லியில் 2014-ல் சாலை விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் நஷ்டஈட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் கூறியது. நீதிபதி என்.வி. ரமணா தம் தீர்ப்பில் எடுத்துக்காட்டிய எண்கள் இரண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி, ஆண்கள் 58 லட்சம். 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் தினமும் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் இன்னும் ஒரு படி ஏறியது. 1983 முதல் பல வருடங்கள் சவுதி அரேபியாவில் வேலை பார்த்த ஒருவர், தான் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து முழுவதும் தனக்கே என்று தொடுத்த வழக்கு அது. மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்திராவிட்டால் அவர் அங்கே போய்ச் சம்பாதித்திருக்க முடியாது, அவள் மிச்சம் பிடித்ததும் சொத்துக்கு முதலீடுதான் என்று கொண்டு, மனைவிக்குப் பாதிப் பங்கு உண்டு என்றது நீதிமன்றம். 2024 ஜூலையில் ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.வி. நாகரத்னா, வருமானம் இல்லாத மனைவியோடு கணவன் கூட்டு வங்கிக் கணக்கு வைத்து ஏடிஎம் அட்டையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதினார்.

ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா காஸ் இணைப்பு பெண்ணின் பெயரில் தரப்படுவதால் மானியம் அவள் கணக்குக்கு வருகிறது. நடுத்தர வீடுகளில் நிலைமை வேறு திசையில் போகிறது. காய்க்காரருக்கும் பால்காரருக்கும் கணவனின் செல்போனிலிருந்தே பணம் போய்விடுகிறது. முருங்கைக்காய் பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தால் அந்தப் பத்து ரூபாய் அவன் கணக்கிலேயே தங்குகிறது. கூட்டுக் கணக்கு இருக்கும் வீட்டிலும், அவள் ஐந்நூறு ரூபாய் எடுத்த மறு நிமிடம் வங்கியின் குறுஞ்செய்தி போய்ச் சேருவது அவன் சட்டைப் பைக்கு.