கல் இல்லாத மலை

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் ஜாபிதா ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அது நீண்டுகொண்டே போகும். இவற்றுள் கோயிலைப் பற்றிய பேச்சு 1981-ஆம் வருஷத்தோடு பொய்த்துப் போயிற்று. அவ்வருஷம் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் இருக்கும் தம் கோயிலில் மறுபடியும் எழுந்தருளினார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடித் தன்மீது இருந்த அபவாதத்தைச் சில நாட்களுக்காவது தீர்த்துக்கொண்டது. ஜாபிதாவில் இப்படி விழுந்த காலியிடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. கல் இல்லாத மலை!

சாயங்கால வேளையில் பூங்காவின் பக்கமோ பொருட்காட்சி மைதானத்தின் பக்கமோ போகும் நேயர்கள் அந்த மலையைப் பார்த்திருப்பார்கள். மஞ்சளும் நீலமும் சிவப்புமாக இரண்டு மாடி உயரத்தில் நிற்கும். உச்சியில் ஒரு பூதத்தின் தலையோ யானையின் தும்பிக்கையோ காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். குழந்தைகள் பின்புறமாக ஏறி முன்புறமாக வழுக்கி வந்து விழுகிறார்கள். விழுந்த மறுகணமே எழுந்து பின்புறம் ஓடுகிறார்கள். பெரியவர்கள் அதைப் பலூன் சறுக்கு என்கிறார்கள். குழந்தைகளுக்கு அது வெறும் 'ஜம்பிங்'தான்.

பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் ஒன்றில், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாம் அந்த மலையின் அடிவாரத்தில் போய் நின்றோம். ஊரின் பெயர் இருக்கட்டும். 2019-ல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போய்விட்டன. ஆனால் வெயிலும் தோல் வாசனையும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் எல்லைக் கல்லைப் பார்த்தா நிற்கின்றன?

முதலில் நம் கண்ணில் பட்டது மலை அல்ல, செருப்புக் குவியல். சறுக்கில் ஏறுமுன் காலணியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. ஐரோப்பாக்காரர் காலுக்கெல்லாம் பூட்ஸும் ஜோடும் தைத்து அனுப்பும் பிரதேசம் இது. அடிவாரத்தில் கிடந்த குவியலிலோ தோல் செருப்பு என்று ஒன்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும்; எல்லாம் ரப்பர், பிளாஸ்டிக். அவற்றைக் கழற்றிவிட்டுக் குழந்தைகள் ஏறிய மலையும் தோலால் ஆனதல்ல. துணியின்மேல் பி.வி.சி. பூசியது, நாம் ரெக்ஸின் என்று சொல்லும் போலித் தோலுக்குச் சகோதரன் முறை ஆக வேண்டும்.

பேரனை ஏற்றிவிட்டுக் கீழே நின்ற பெரியவர் ஒருவர் வாழ்நாளெல்லாம் தோல் வெட்டியவராம். அவர் சறுக்கின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மோட்டாருக்கு அருகில் நின்ற வாலிபனை அழைத்தார்.

"ஏம்ப்பா, தையல் வழியா காத்து போவுதே? இப்படித் தைச்சா எங்க மேஸ்திரி சம்பளத்துல பிடிச்சிருப்பாரு!"

"போகணும் தாத்தா. போறதுக்கு மேல நாம ஊதிக்கிட்டே இருக்கணும். அதான் மோட்டார் நிக்கிறதே இல்லை."

வாலிபன் சொன்னது சாஸ்திர பூர்வமாகச் சரியே. சைக்கிள் டயர் காற்றை உள்ளே வைத்து அடைத்துக்கொள்கிறது. இந்த மலை அடைத்துக்கொள்வதில்லை. தையல் துளைகளின் வழியே காற்று சதா வெளியேறுகிறது. ஒன்று அல்லது இரண்டு குதிரைச் சக்தியுள்ள காற்றாடி மோட்டார், வெளியேறுவதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. கொல்லன் உலைக்களத்தில் ஆட்டுத்தோல் துருத்தி செய்த வேலையை இங்கே மோட்டார் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் அழுத்தம் டயரில் இருப்பதில் மிகச் சிறு பங்குதான். ஆகையால் மின்சாரம் நின்றுபோனால் பலூன் போல் 'டப்' என்று வெடித்துவிடாது. கோடை வெயிலில் வாடிய வாழைபோல் மெதுவாகத் தலை சாயும். குழந்தைகளைப் பதறாமல் இறக்கிவிட அவகாசம் கிடைக்கும். ஓட்டைகள் இருப்பதே ஒரு பத்திரம் என்று சொன்னால், நம் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தைப் பார்த்த நேயர்கள் சிரிக்கக்கூடும்.

இந்த வினோதத்தின் பிறப்புக் கதையும் ரசமானது. அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்தில் ஷ்ரீவ்போர்ட் என்னும் ஊரில் ஜான் ஸ்கர்லாக் என்ற இஞ்சினீயர் இருந்தார். 1958 வாக்கில் டென்னிஸ் மைதானங்களை மூடுவதற்குக் காற்றடைத்த கூரை செய்ய முடியுமா என்று அவர் பரீட்சை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தால் வேலையாட்கள் வேலையை விட்டுவிட்டு அந்தக் கூரையின்மேல் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்! வேறு எஜமானராக இருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார். ஸ்கர்லாக் குதிப்பதையே தொழிலாக்கிவிட்டார்.

நாம் நின்ற இடத்தில் சீட்டு ஐம்பது ரூபாய், பத்து நிமிஷம். வரிசையில் ஒரு தாயார் இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவள் என்பது பேச்சில் தெரிந்தது. வாரத்தில் ஆறு நாள் தையல் மிஷின். ஏழாவது நாள் துணி துவைத்துச் சமைத்து மீந்த சாயங்காலம் குழந்தைகளுக்கு. அவள் ஒரே ஒரு சீட்டு வாங்கினாள். சின்னவள் ஏறினாள். பெரியவளை நமக்குத் தெரியும். நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிப்பவள்.

"நீ ஏறலையா அம்மா?" என்று கேட்டோம்.

"நான் பெரியவளாயிட்டேன் ஸார். அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு," என்றாள். வாய் அப்படிச் சொன்னதே தவிர, தங்கை வழுக்கி வரும்போதெல்லாம் அவள் கால் பெருவிரல் செருப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்ததை நாம் பார்க்காமல் இல்லை.

நம் சிறு பிராயத்தில் இந்த ஆசைக்குச் சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. பாலாற்றில் அப்போது மணல் இருந்தது. கரையிலிருந்து படுகைக்கு இறங்கும் சரிவில் தென்னை மட்டையைப் போட்டு உட்கார்ந்து, பின்னாலிருப்பவன் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். மணலும் போயிற்று, படுகையில் இறங்கவும் தாய்மார் பயப்படும் காலம் வந்தது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் செய்த வேலை அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், இந்தத் தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ பாதியோ கெட்டுவிட்டதாகக் காணப்படுகிறது. அசுத்தப்படுத்தியவனே அதற்குக் கிரயம் தர வேண்டும் என்ற நியாயம் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது நம் ஊர்த் தண்ணீரை வைத்துத்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஏற்பட்டன. ஆனால் கெட்டதற்கு நஷ்ட ஈடு கணக்கிட்டவர்கள் பிள்ளைகள் இழந்த சறுக்கு மணலை எந்தக் கலத்திலும் எழுதினதாகத் தெரியவில்லை. உழைப்பைத் தருவதும் அதே தோல், ஆற்றைக் கொண்டுபோனதும் அதே தோல் என்றால் யாரை நோவது?

ஆகவே பூங்காவில் பலூன் சறுக்கு வைப்பதை எதிர்ப்பவர்கள் கட்சியில் நாம் இல்லை. பொதுப் பூங்காவில் காசுக் கடை எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959-லேயே நம் ராஜ்யத்தில் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். ஆனால் சாயம் போன இரும்புச் சறுக்கும், ஒரு சங்கிலி அறுந்த ஊஞ்சலும் இருக்கும் பூங்காவில் குழந்தைகள் கூட்டம் இருந்ததா? மலை வந்த பிறகுதான் தாத்தாக்களும் பர்தா அணிந்த தாய்மாரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து பேசக் கண்டோம். இதைக் கொஞ்சமாக மதிக்கக் கூடாது.

நம்முடைய கவலை வேறு. அன்று மாலை ஐந்தரை மணிக்கு அது நேரிலேயே வந்து சேர்ந்தது. மேற்கே ஏலகிரித் திக்கில் கறுத்தது. கோடை மழைக்கு முன் வரும் அந்தக் காற்று எப்படி வரும் என்பது இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். முதலில் புழுக்கம், இலை அசையாது, பிறகு திடீரென்று புழுதிச் சுவர். சறுக்கின் ஒரு மூலை தரையை விட்டு அரை அடி எழும்பிற்று. கயிறு கட்டியிருந்தது முளையில் அல்ல, ஒரு மணல் மூட்டையில். மூட்டை கயிற்றோடு இழுபட்டு வந்தது. மேலே ஏழெட்டுக் குழந்தைகள். தோல் வெட்டும் பெரியவர் பாய்ந்து அந்த மூலையின்மேல் விழுந்தார். பின்னால் நாலைந்து பேர். குழந்தைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. மோட்டாரை நிறுத்திய வாலிபனின் கை நடுங்கியது. அவன் கூலிக்காரன், முளையடிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

வாத்தியார் புத்தி, வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டோம். ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் இவற்றை உபயோகிக்கக் கூடாது; குறைந்தது ஆறு இடங்களிலாவது தரையோடு பிணைத்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 7 கிலோ பாரமாக மோதும். 30 சதுர மீட்டர் முகமுள்ள சறுக்கை 200 கிலோ பாரம் தள்ளுகிறது என்று அர்த்தம். வேகம் இரட்டித்தால் தள்ளும் பலம் இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகிறது: 800 கிலோ! மலை மாதிரி தோன்றினாலும் அது உண்மையில் பாய்மரம்.

2021 டிஸம்பர் 16-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டெவன்போர்ட் என்னும் ஊரில், பள்ளி ஆண்டு முடிவு விழாவின்போது ஒரு சுழற்காற்று இப்படிப்பட்ட காற்று மாளிகையைத் தூக்கியடித்து ஆறு குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. எட்டு இடங்களில் பிணைக்க வேண்டியதை நான்கு இடங்களிலேயே பிணைத்திருந்தார்கள் என்று வழக்கில் சொல்லப்பட்டது. எட்டும் இருந்தாலும் அந்தச் சுழலைத் தடுத்திருக்க முடியாது என்று கருதி, 2025-ல் மாஜிஸ்திரேட் அதை நடத்தியவரை விடுதலை செய்தார். தீர்ப்பைப் படித்தபோது நமக்கு ஆறுதல் ஏற்படவில்லை, பயம்தான் அதிகமாயிற்று.

இந்தப் பயத்தோடு நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போனோம். குழந்தைகள் தினத்துக்குப் பலூன் சறுக்கு வாடகைக்கு எடுப்பதென்று ஏற்கனவே பணம் சேர்த்திருந்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று சிலர்; நடந்ததையே நினைத்தால் பஸ்ஸில் ஏற முடியுமா என்று சிலர். இரண்டு மணி நேரம் வாதம். கடைசியில், சேர்ந்த பணத்தில் கையடக்கமான காற்று வேகமானி ஒன்று வாங்குவது, முளையடிக்க இசையாதவரிடம் சறுக்கு எடுப்பதில்லை, சீட்டு கிடையாது, வகுப்பு வாரியாக எல்லாரும் ஏறலாம் என்று முடிவாயிற்று. முளைகளை அடித்தவர் சிறிய சம்மட்டியோடு வந்த நம் தோல் பெரியவரேதான்.

நவம்பர் 14-ஆம் தேதி காலையில் வானம் மூடியிருந்தது. பத்து மணிக்கு மானியின் முள் ஏறவே மலையைச் சாய்த்துவிட்டோம். வரிசையில் நின்ற அறுபது பிள்ளைகளும் நம்மைப் பார்த்த பார்வையை எழுதி முடியாது. அரைமணி கழித்துக் காற்று ஓய்ந்தது, மறுபடி ஊதினார்கள். ஆறாம் வகுப்பின் முறை வந்தது. அந்தப் பெரிய பெண் செருப்பைக் கழற்றிக் குவியலில் போடாமல், இரண்டையும் சேர்த்துத் தனியே ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். உச்சியில் ஒரு கணம் தயங்கி உட்கார்ந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டபடியே, வழுக்கி வந்தாள்.