செப்டம்பர் 22: ஒரே தேதியில் 5 யுத்தச் சம்பவங்கள்! சென்னையை நடுங்க வைத்த 'எம்டன்'

"அவனா? சரியான எம்டன் ஆச்சே! அவன்கிட்ட ஜாக்கிரதையா இருப்பா!"

கடைத்தெருவிலும் பஸ்சிலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. மனிதனுக்குப் பட்டப்பெயராகிவிட்ட எம்டன், உண்மையில் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். அது சென்னை மீது குண்டு வீசிய தேதி, செப்டம்பர் 22.

யுத்த சரித்திரத்தில் இந்தத் தேதிக்கு ஒரு தனி 'ராசி' உண்டு!

காலையில் ஒரு அடி

1914-ம் ஆண்டு. முதல் உலக யுத்தம் தொடங்கி 2 மாதம் கூட ஆகவில்லை. ஆலந்து நாட்டுக்கு அருகே வடகடலில் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற 3 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ரோந்து சுற்றிக்கொண்டு இருந்தன.

செப்டம்பர் 22-ந் தேதி காலை. 'யு-9' என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டு அபூகிரைத் தாக்கியது. கண்ணிவெடிதான் வெடித்துவிட்டது என்று நினைத்து, தத்தளித்தவர்களைக் காப்பாற்ற மற்ற 2 கப்பல்களும் ஓடி வந்தன. உதவிக்கு வந்ததே வினையாகிவிட்டது! அடுத்தடுத்து அவையும் மூழ்கின.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பலியானவர்கள் 1,459 பேர்.

இரவில் இன்னொரு அடி

அதே நாள் இரவு. சென்னைத் துறைமுகம் ஜெகஜ்ஜோதியாக விளக்கு எரிய ஜொலித்துக்கொண்டு இருந்தது. யுத்தம் எங்கோ நடக்கிறது, நமக்கென்ன என்ற நினைப்பு!

இருட்டில் சத்தமில்லாமல் வந்து நின்றது எம்டன். தலைவர் கார்ல் வான் முல்லர். 3 ஆயிரம் கெஜ தூரத்தில் இருந்து பீரங்கிகள் முழங்கின. சுமார் 130 குண்டுகள்! பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வியாபாரக் கப்பலும் அடிபட்டது. ஐகோர்ட்டு சுவரிலும் குண்டு விழுந்தது.

அரை மணி நேரத்தில் எம்டன் மாயமாகிவிட்டது. ஆனால் பீதி போகவில்லை. மூட்டை முடிச்சுகளுடன் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். "வெள்ளைக்காரனையே அசைச்சுட்டானே!" என்று ஊரே வாயைப் பிளந்தது.

எம்டனின் ஆட்டம் நீடிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவு அருகே 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதன் கதையை முடித்தது.

அடிமைகளுக்கு நல்ல சேதி

இந்தத் தேதியில் எல்லாமே அழிவு அல்ல. 1862-ம் ஆண்டு செப்டம்பர் 22. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். 1863 ஜனவரி 1-ந் தேதிக்குள் கலகம் செய்யும் மாநிலங்கள் வழிக்கு வராவிட்டால், அங்குள்ள அடிமைகள் எல்லோரும் சுதந்திர மனிதர்கள்! சொன்னபடியே செய்தும் காட்டினார்.

ஒரு போர் நின்றது, ஒரு போர் மூண்டது

1965-ல் இந்தியா-பாகிஸ்தான் போர். ஐ.நா. பாதுகாப்பு சபை கேட்டபடி போரை நிறுத்த இந்தியா ஏற்கனவே இசைந்திருந்தது. பாகிஸ்தான் சம்மதம் சொன்ன நாள் செப்டம்பர் 22. மறுநாள் அதிகாலை போர் நிறுத்தம் அமலுக்கு வந்தது.

சரியாக 15 ஆண்டுகள் கழித்து, 1980-ல் இதே தேதியில் ஈராக் விமானங்கள் ஈரான் விமான தளங்கள் மீது குண்டு வீசின. அன்று மூண்ட தீ அணைந்தது 1988 ஆகஸ்டில்தான். லட்சக்கணக்கான உயிர்கள் போயின.

சென்னையில் எம்டன் போட்ட குண்டுக்கு இன்றும் சாட்சி உண்டு. ஐகோர்ட்டு மதில் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பஸ் பிடிக்கும் அவசரத்தில் அதைக் கடந்து போகிறார்கள்.

எங்கோ நடக்கிற யுத்தம் நமக்கென்ன என்று விளக்கேற்றி வைத்திருந்த ஊர், ஒரே ராத்திரியில் பாடம் படித்த இடம் அது!