நோட்டீஸ் வந்தால் வீடு போய்விட்டதா?

போன மாதம் ஸ்காபரோவில் தெரிந்த குடும்பம் ஒன்று கூப்பிட்டது. "அண்ணை, மாச முடிவில வெளிக்கிடட்டாம். வீட்டுக்காரற்ற தம்பியாருக்கு வேணுமாம்." வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு வரி. நான் போய்ச் சேருவதற்குள் பாதிச் சாமான் பெட்டிக்குள்.

முதல் கேள்வியாக, சமையலறையும் குளியலறையும் தனியா என்று கேட்டேன். மேலே குடியிருக்கும் வீட்டுக்காரரோடு அவற்றைப் பகிர வேண்டியிருந்தால் ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் பாதுகாக்காது. இவர்களுக்குத் தனி. பேஸ்மென்டை நகரசபையில் பதியாவிட்டாலும் சட்டம் பொருந்தும். கனபேருக்கு இது தெரியாது.

ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும், வேறு வீடு பார்த்தால் போச்சே? அங்கேதான் விஷயம். வாடகையை வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம், 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லவேண்டும், அதுவும் மாகாணம் குறிக்கும் வீதத்துக்குள். 2025இல் அது 2.5%. 1,500 டொலர் வாடகை என்றால் 37.50 டொலர். ஆனால் இந்தக் கட்டுப்பாடு உள்ளே இருக்கிறவருக்கு மட்டுமே. அவர் வெளிக்கிட்டதும் புது ஆளிடம் எவ்வளவும் கேட்கலாம். ஏழெட்டு வருடம் ஒரே இடத்தில் இருந்த குடும்பத்துக்கு அந்தப் பழைய வாடகைதான் சொத்து. வெளிக்கிட்டால் திரும்பக் கிடைக்காது. (2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு இந்த வீத வரம்பும் இல்லை. பேஸ்மென்ட் எடுக்கும்போதே கேட்டுவையுங்கோ.)

இனி அந்த மெசேஜ். சொந்தத் தேவைக்கு வீடு வேண்டுமென்றால் என்12 என்ற படிவத்தில், குறைந்தது 60 நாள் தந்து அறிவிக்கவேண்டும். குடிவரப்போகிறவர் வீட்டுக்காரர், துணை, இருவரில் ஒருவரின் பிள்ளை அல்லது பெற்றோர், இல்லாவிட்டால் இவர்களைப் பராமரிக்க வருபவர். தம்பி அந்தப் பட்டியலில் இல்லை! படிவம் சரியாகவே வந்தாலும் அது வெளியேற்றும் ஆணை அல்ல. விருப்பமில்லாவிட்டால் இருக்கலாம், வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போய் ஆணை எடுக்கவேண்டும். அதற்குப் பிறகும் பூட்டை மாற்ற ஷெரீஃபுக்குத்தான் அதிகாரம். அதுவரை வாடகையை மட்டும் நாள் தவறாமல் கட்டவேண்டும், பற்றுச்சீட்டோடு.

சட்டத்தைவிட இவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. வீட்டுக்காரரும் ஊர்க்காரர். வந்த புதிதில் கிரெடிட் ரிப்போர்ட், வேலைக் கடிதம் ஒன்றும் கேளாமல் திறப்பைத் தந்தவர். "அந்தாளோட எப்படியண்ணை வழக்காடுறது?" நியாயமான கேள்விதான். வீடு கிடைத்ததும் அந்த உறவால்தான், இப்போது வாயைக் கட்டுவதும் அதே உறவுதான்.

வழக்காட வேண்டாம், பதில் மட்டும் எழுதுங்கோ என்றேன். மரியாதையாக நாலு வரி: படிவம் வரவில்லை, வாடகை முதலாம் திகதி வரும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில், நாங்கள் இருக்க விரும்புகிறோம். அனுப்பமுன் இலவசச் சமூகச் சட்ட உதவி மையத்தில் காட்டினோம்.

வீட்டுக்காரர் இன்னும் பதில் போடவில்லை. ரைஸ் குக்கரை வெளியே எடுத்துவிட்டார்கள்; மற்றப் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன.