எட்டுக் குகை போதும்

சீனாவின் கன்சு மாகாணத்தில், கோபிப் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது துன்ஹுவாங். ஊருக்குத் தென்கிழக்கே 25 கிலோமீட்டர் தொலைவில், செங்குத்தான ஒரு மலைமுகத்தில், கி.பி. 366 தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் குடையப்பட்டவை மோகாவ் குகைகள். மொத்தம் 735. அவற்றுள் ஓவியமும் சிற்பமும் உள்ளவை 492. சுவரோவியப் பரப்பு மட்டும் 45,000 சதுர மீட்டர். இத்தனை தூரம் போகிறவருக்கு வழக்கமான சீட்டில் காட்டப்படுவதோ எட்டே குகைகள். வழிகாட்டி பூட்டைத் திறப்பார். இருபத்தைந்து பேர் போல உள்ளே போவார்கள். கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மறுபடி பூட்டு. படம் எடுக்கக் கூடாது. எந்த எட்டு என்று தேர்ந்துகொள்ளவும் முடியாது. கொடுத்த காசுக்கு இது அநியாயம் என்று தோன்றலாம். எட்டே தாராளம் என்பது என் கட்சி.

காரணம் சுவரிலேயே இருக்கிறது. மோகாவ் மலை கூழாங்கல்லும் மணலும் இறுகி உண்டான பாறை. அதில் நுணுக்கமாகச் செதுக்க முடியாது. ஆகவே வைக்கோல் கலந்த மண்ணைப் பூசி, அது காய்ந்த பிறகு அதன்மேல் தீட்டினார்கள். பாறையில் உப்பு உண்டு. காற்று வறண்டிருக்கும்வரை அந்த உப்பு தூங்கும். ஈரம் ஏறினால் கரையும், காய்ந்தால் மறுபடி படிகமாகும். கரைந்தும் உறைந்தும் பூச்சைப் பாறையிலிருந்து நெம்பித் தள்ளும். ஆண்டு முழுவதும் சுமார் 40 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இடத்தில் ஈரம் எங்கிருந்து வரும்? கதவைத் திறக்கும்போது வெளிக்காற்றோடு வரும். உள்ளே நிற்பவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் வரும். 1989 முதல் துன்ஹுவாங் ஆய்வகமும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து செய்துவரும் ஆய்வுகளில், குறிப்பாக 85-ஆம் குகையில் நடந்த நீண்ட வேலையில், உறுதிப்பட்ட சங்கதி இது. பாலைவனம் காப்பாற்றித் தந்ததைக் கெடுக்கும் தண்ணீரைப் பயணியே சுமந்துகொண்டு போகிறார்.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக யாத்ரீகர்கள் விளக்கேற்றிக் கும்பிட்ட இடம்தானே, இப்போது மட்டும் என்ன நோஞ்சானாகிவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டகத்தில் வந்தவர்களின் கூட்டமும் விமானத்தில் வருகிறவர்களின் கூட்டமும் ஒன்றா? 2019-இல் ஓராண்டு வருகை 20 லட்சத்தைத் தாண்டியது. தவிர, பூட்டில்லாத காலம் பொற்காலமாகவும் இருக்கவில்லை. 1900-இல் வாங் யுவான்லு என்ற துறவி அடைபட்டிருந்த சுவடி அறையைக் கண்டுபிடித்தார். 1907-இல் ஆரல் ஸ்டைனும் அடுத்த ஆண்டே பால் பெலியோவும் சொற்பக் காசு கொடுத்து ஆயிரக்கணக்கான சுவடிகளை அள்ளிப் போனார்கள். 868-இல் அச்சான வச்சிரச் சேதிகை சூத்திரம் லண்டனுக்குப் போனது அப்படித்தான். 1921-இல் இங்கே அடைத்துவைக்கப்பட்ட ரஷ்ய வெள்ளைப்படை வீரர்கள் மூட்டிய அடுப்புக் கரி சில சுவர்களில் இன்னும் இருக்கிறது. 1924-இல் லாங்டன் வார்னர் பசை தடவிய துணியை ஓவியத்தின்மேல் ஒட்டி, துண்டு துண்டாக உரித்து ஹார்வர்டுக்குக் கொண்டுபோனார். திறந்த கதவின் வரலாறு இது.

அடுத்த ஆட்சேபம், திரையில் பார்ப்பது பார்ப்பதாகுமா என்பது. 1963-இல் இளம் பட்டதாரியாக வந்து பின்னாளில் ஆய்வகத்தின் தலைவரான ஃபன் ஜின்ஷியின் முயற்சியால் குகைகள் எண்ணிமப் படங்களாயின. 2014-இல் பார்வையாளர் மையம் திறந்தது. பயணிகள் முதலில் அங்கே இரண்டு படங்கள் பார்த்துவிட்டுத்தான் பேருந்தில் குகைக்குப் போகிறார்கள். 2016 முதல் முப்பது குகைகளை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். 254-ஆம் குகைச் சுவரில் புறாவுக்காகத் தன் சதையைக் கொடுக்கும் சிபி இருக்கிறார். சோழர் தம் முன்னோன் என்று கொண்டாடிய அதே சிபிதான். இருட்டில், நாலு தலைக்கு மேலாக எட்டி, ஐந்து நிமிடத்தில் அந்தக் கதையைப் படிக்க முடியாது. திரையில் முடியும். ஆனால் அந்த இருட்டும், மண்சுவரின் அண்மையும் திரையில் கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். படிப்பதற்குத் திரை, முன்னால் நிற்பதற்குக் குகை என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் எட்டு குகை குறையே இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சில அரிய குகைகளுக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். மூச்சுதான் கேடு என்றால், பணம் கொடுத்தவன் மூச்சில் ஈரம் இல்லையா? பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற பதில் பாதிதான் செல்லும். இதைவிடப் பெரிய ஓட்டை அவசரச் சீட்டு. ஒரு நாளைக்கு 3,000 பேரே தாங்கும் என்று ஆய்வு சொன்னது. படம் காட்டிக் குகைக்குள் நிற்கும் நேரத்தைக் குறைத்ததால் அதை 6,000 ஆக்கினார்கள். அதுவரை நியாயம். கூட்டம் மிகும் நாட்களில் நான்கு குகை மட்டும் காட்டும் சீட்டை இன்னும் 12,000 பேருக்கு விற்பது, போட்ட கணக்கைத் தாமே அழிப்பது. போக நினைக்கிறவர்கள் சீனாவின் தேசிய விடுமுறையான அக்டோபர் முதல் வாரத்தைத் தவிருங்கள். எட்டுக் குகைச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அது கிடைக்காவிட்டால் அவசரச் சீட்டை வாங்காதீர்கள், பயணத்தை வேறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.