புதுத்தண்ணீருக்கு விரிக்கும் வலை

ஐப்பசி அடைமழையில் பிச்சாட்டூர் அணை நிரம்பி, ஆரணியாற்றில் உபரி நீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் ஊத்துக்கோட்டையிலும் பெரியபாளையத்திலும் தரைப்பாலங்களைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். பேருந்து போகுமா, பள்ளிக்கூடம் உண்டா, கரையோர வயல் தப்புமா? அதே தண்ணீர் லட்சுமிபுரம் அணைக்கட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கியதும் அதைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அந்த வெள்ளத்துக்காக ஆனி, ஆடியிலிருந்தே காத்திருக்கிறார்கள்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற சாலையில்தான் திருப்பாலைவனம் இருக்கிறது. பழைய சிவன் கோயிலும் நெல்வயல்களும் உள்ள ஊர். அதைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் காற்றில் உப்பு வாடை ஏறும், நிலம் தட்டையாகும், கடைசியில் வானமும் தண்ணீரும் மட்டுமே மிஞ்சும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் தமிழ்நாட்டுக்கு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் மணல் தீவுதான், ராக்கெட்டுகளால் உலகம் அறிந்த ஸ்ரீஹரிகோட்டா.

இவ்வளவு பெரிய ஏரியின் பல இடங்களில் ஆழம் ஓர் ஆள் இடுப்பளவைத் தாண்டாது. வெயில் அடித்தால் வற்றும், மழை பெய்தால் விரியும். அதனால் இதன் பரப்பளவைச் சொல்லும் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 250 சதுர கிலோமீட்டர் என்றும் இருக்கும், 450 என்றும் இருக்கும். இரண்டுமே சரிதான், அளந்த மாதம் வேறு.

வெள்ளத்தை வைத்து மீன் பிடிக்கும் கலை உலகம் முழுக்க உண்டு. காஷ்மீரத்து மலை ஓடைகளில் வசந்தத்தில் பனி உருகி, தண்ணீர் கலங்கிச் சீறிக்கொண்டு வரும். அங்கே டிரவுட் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள் நடு ஓட்டத்தை விட்டுவிட்டுக் கரையோரத்திலும் பாறை மறைவிலும் தண்ணீர் தணிந்து நிற்கிற இடங்களைத் தேடுவார்கள். வேகத்துக்கு எதிராக நீந்திச் சக்தியை வீணாக்காமல் மீனும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். பனியே காணாத பழவேற்காட்டிலும் ஒரு பருவ வெள்ளம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் அந்த வெள்ளத்தில் தண்ணீரின் போக்கைப் படித்து, மீன் எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று கணிக்கும் அறிவு இங்கே தலைமுறை தலைமுறையாகத் தேறியது. அதைக் கொண்டு பிடிப்பது முக்கியமாக இறால்.

இறாலின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் குப்பத்து மக்களின் கணக்கு புரியும். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும், ஒரு தாய் லட்சக்கணக்கில். முட்டை பொரித்து இரண்டு வாரத்துக்குள் வடிவம் பலமுறை மாறி, ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட எட்டாத குஞ்சாகிறது. கடல் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக அது ஏரிக்குள் நுழைகிறது. உள்ளே அலை கிடையாது, பெரிய மீன் குறைவு, சேற்றில் தீனி ஏராளம். மூன்று நான்கு மாதம் ஏரியில் வளர்ந்து, விரல் நீளத்தைத் தாண்டியதும் மறுபடியும் கடலைத் தேடும். அங்கே போனால்தான் முதிர்ந்து முட்டையிட முடியும். அப்படிப் போவது பெரும்பாலும் இரவில், தண்ணீர் வற்றும் நேரத்தில், ஓட்டத்தோடு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓட்டத்தின் வேகம் கூடும்; இறாலும் கூடும்.

ஆற்று வெள்ளம் இதில் என்ன செய்கிறது? கோடை முடியும்போது ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பேறிக் கிடக்கும். ஐப்பசியில் தெற்கே ஆரணியாறும், வடக்கே ஆந்திரப் பகுதியில் காலங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. உப்பு சில நாட்களில் மளமளவென்று இறங்குகிறது. வண்டலும் மக்கிய இலைதழையும் வந்து சேர, சேற்றில் தீனி பெருகுகிறது. வளர்ந்த இறால்கள் இந்த மாற்றத்தை உணர்ந்து முகத்துவாரம் நோக்கித் திரும்புகின்றன. உள்ளேயிருந்து தள்ளும் வெள்ளம் மணல் அடைத்த வாயையும் அறுத்துத் திறந்துவிடுகிறது. திறந்த வாய் வழியாக அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. இந்த வருடத்து அறுவடையும் அடுத்த வருடத்து விதைப்பும் ஒரே வாசலில் நடக்கின்றன.

வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் யாரும் வலை கட்டுவதில்லை. மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து வந்து வலையைக் கிழித்துவிடும், ஊன்றிய கழியைப் பிடுங்கிவிடும். ஆறு கொஞ்சம் தணிந்து, கடல் ஏற்ற இறக்கம் மறுபடி ஏரிக்குள் தெரிய ஆரம்பிக்கும்போதுதான் வேலை தொடங்கும். ஓட்டத்தின் போக்கை அனுசரித்துச் சேற்றில் வரிசையாகக் கழி ஊன்றி, சுத்து வலையைக் கட்டுகிறார்கள். ஓட்டத்தோடு வரும் இறால் வலைச்சுவரில் முட்டி, அதை ஒட்டியே நகர்ந்து, இறாலைச் சிறைப்படுத்தும் பகுதியான சேர்மடைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். துரத்தும் வேலையே இல்லை. ஆனால் வலை ஊன்றும் இடம் முழங்கை அளவு தப்பினாலும் இரவு முழுக்க வெறும் பாசிதான் மிஞ்சும். அதனால் இடம்தான் எல்லாம்.

அந்த இடங்களை யார் வைத்துக்கொள்வது என்பதற்காகவே உருவானது பாடு முறை.

முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல ஓட்டமுள்ள பரப்புகள் பாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய, பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் மூன்று ஊர்களுக்கு இவற்றில் பரம்பரை உரிமை. ஊருக்கு ஊர் முறை, ஊருக்குள்ளும் முறை. இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் நாளைக்கு அதே இடத்தில் கட்ட முடியாது, அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து நகர வேண்டும். உரிமைக்குத் தலைக்கட்டுதான் அடிப்படை: ஊர் வரி கட்டி, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட குடும்பத்து ஆணுக்கு ஒரு பங்கு. பணம் உள்ளவர் பத்து வலை போட்டுவிட முடியாது. முறை தப்பி வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடி அபராதம் போடும். அரசாங்கச் சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லாத காலத்திலும் கடலோரத்தில் இது சட்டமாகவே நடந்திருக்கிறது. மீன்வள ஆய்வாளர்கள் இந்த முறையை எடுத்துக்காட்டாகக் காட்டுவது வெறும் பழமைப் பற்றினால் அல்ல. ஒரு நீர்நிலையில் எத்தனை வலை இறங்கலாம் என்பதற்கு அதன் மக்களே வரம்பு கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அதில் பெரிய விஷயம்.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு நெருங்கிய முறை உண்டு. அங்கே கட்டுதெல் என்னும் கழிவலையை ஊன்றும் இடங்களை மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிடுகின்றன. 1958-இல் இலங்கை அரசு அந்த வழக்கத்தை ஏற்று விதிகளாகவே வெளியிட்டது. பழவேற்காட்டுப் பாட்டுக்கு அப்படிப்பட்ட எழுத்து கிடைக்கவில்லை.

பாடு முறை எல்லாருக்கும் நியாயமானது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மூன்று ஊருக்குள் அது சமமாகப் பங்கிட்டது; வெளியே இருந்தவர்களை வெளியிலேயே நிறுத்தியது. ராக்கெட் ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், விவசாயக் கூலி வற்றியதால் ஏரிக்கு இறங்கிய மக்கள், பாடு இல்லாத பிற குப்பங்கள் என்று ஏரியை நம்பிய கைகள் பெருகிக்கொண்டே போயின. இறால் ஏற்றுமதி சூடுபிடித்து விலை ஏறியபோது இந்த நெருக்கடி சண்டையாகவும் வெடித்தது. மாநில எல்லையும் ஏரிக்குள்ளேயே ஓடுவதால் ஆந்திர, தமிழக மீனவர்களுக்கிடையிலும் மோதல்கள் நடந்திருக்கின்றன.

இவர்கள் எல்லாரையும்விடக் குறைந்த கருவியோடு தண்ணீரில் இறங்குபவர்கள் இருளர்கள். எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் ஆணும் பெண்ணும் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அதன் கயிற்றை வாயில் கவ்விக்கொள்வார்கள். சிப்பி ஓடும் முள்ளும் விரலைக் கிழிக்கும். படகு இல்லை, வலை இல்லை, பாடும் இல்லை. ஏரியைப் பற்றிய எந்தத் திட்டமும் இவர்களை முதலில் எண்ண வேண்டும். வழக்கமாகக் கடைசியில்தான் எண்ணுகிறார்கள்.

1990-களில் இறால் பண்ணைகள் கரையோரம் எங்கும் முளைத்தன. பண்ணைக் கழிவு ஏரிக்குள் இறங்கியது, உப்புநீர் வயலுக்குள் கசிந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றதோடு, சிலிகா, பழவேற்காடு என்று இரண்டு ஏரிகளைப் பெயர் சொல்லி, அவற்றைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணைக் குளம் வெட்டவே கூடாது என்றும் அது கட்டளையிட்டது. தஞ்சைத் தரணியில் நிலமற்றவர்களுக்காக உழைத்த ஒரு காந்தியவாதியின் வழக்கு, வடகோடியிலிருக்கும் இந்த ஏரிக்கும் வேலியாக வந்து நின்றது.

இன்றைய கவலை முகத்துவாரத்தைப் பற்றியது. தமிழகக் கரையோரம் கடல் நீரோட்டம் மணலைச் சுமந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. ஆண்டுக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆற்றில் ஓட்டம் இல்லாத கோடையில் இந்த மணல் ஏரியின் வாயில் திட்டாகச் சேர்ந்து அடைத்துவிடும். அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது. படகு கடலுக்குப் போக முடியாது; திட்டில் மோதிக் கவிழ்ந்து உயிர்ச் சேதமும் நேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஊர் கூடி மண்வெட்டியோடு இறங்கி வாய் வெட்டுவார்கள். வெட்டிய வாய் சில வாரத்தில் மறுபடி தூர்ந்துபோகும்.

இதற்கு நிரந்தரத் தீர்வாக முகத்துவாரத்தின் இரு பக்கமும் கடலுக்குள் நீளும் கல் சுவர்கள் கட்ட, தமிழக அரசு சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கியது. மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பெற்ற திட்டம் இது. அதே கரையில், தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் மணலின் போக்கை ஏற்கெனவே மாற்றியிருக்கின்றன. 2018-இல் அதானி நிறுவனத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டுக் குப்பங்கள் தொடர்ந்து எதிர்ப்பதும் இந்த மணல் கணக்கை வைத்துத்தான்: ஓரிடத்தில் தடுத்த மணலுக்கு ஈடாக அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கப்படும்.

வெள்ளம் வந்தாலே நல்லது என்றும் இருந்துவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தை மூடியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பானது. இறால் காலத்தின் நடுவிலேயே தொழில் நின்றது. பக்கிங்காம் கால்வாய் எண்ணூரையும் பழவேற்காட்டையும் இணைத்தபடி வடக்கே ஓடுகிறது என்பதால், எண்ணூரில் நடந்ததைப் பழவேற்காட்டுக் குப்பத்தவர் அடுத்த ஊர்ச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல் சுவர் மணலைத் தடுக்கும். உள்ளேயிருந்து தள்ளுவதற்கான தண்ணீர் ஆரணியாற்றிலிருந்துதான் வர வேண்டும். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆறு ஆந்திர மலையடிவாரத்தில் பிறந்து, பிச்சாட்டூரில் அணை, லட்சுமிபுரத்தில் அணைக்கட்டு என்று தேங்கித் தேங்கித்தான் ஏரிக்கு வந்து சேர்கிறது. பாசனத்துக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போது ஏரிக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். கடலில் சேரும் நீர் வீண் என்ற பேச்சு ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேடைதோறும் எழுகிறது. அந்தப் பேச்சு பழவேற்காட்டுக் குப்பங்களின் சோற்றில் கைவைக்கிறது. கோட்டைக்குப்பத்தில் ஒருவருடைய பாட்டு முறை வருகிற இரவில் வலையில் எவ்வளவு ஏறும் என்பது, ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்தின் மேல் அந்த வருடம் எத்தனை நாள் தண்ணீர் போனது என்பதையும் பொறுத்தது.